ஒற்றைத் திறப்பு

வீட்டுக்கு ஒரு திறப்பு, அலுமாரிக்கு ஒரு திறப்பு, காருக்கு ஒரு திறப்பு என வாழ்ந்து பழகியவர் நாம். ஒன்று கையில் இருக்கும்வரை இரண்டாவதைப் பற்றி எண்ணுவார் எவருமிலர். அங்ஙனம் எண்ணாதிருந்ததன் பயனை 2024ஆம் ஆண்டு நவம்பர் மாத வெள்ளம் எமக்கு நன்கு உணர்த்திற்று.

அம்மாதக் கடைசி வாரத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பெய்த பெருமழையை வாசகர் மறந்திரார். உயர்தரப் பரீட்சையே இடையில் நிறுத்தப்பட்ட வாரம் அது. ஒழுங்கையில் ஓடிய வெள்ளம் எமது வளவுக்குள்ளும் புகுந்தது. இரவு முழுவதும் புத்தகங்களை உயரத்தில் ஏற்றுவதிலேயே கழிந்தது. முற்றத்துக் கொட்டகையில் நின்ற காரை நாம் நினைக்கவேயில்லை. விடிந்து பார்த்தபோது அதன் உள்ளே காலடி விரிப்புகள் மிதந்துகொண்டிருந்தன. அதன் ஒரே திறப்போ, எமது சட்டைப்பையில் இரவெல்லாம் நனைந்து ஊறியிருந்தது. பழைய காராக அதை வாங்கிய நாளிலிருந்தே இரண்டாந் திறப்பு இருந்ததில்லை. ‘பிறகு பார்ப்போம்’ என்று ஆறு ஆண்டுகளைக் கடத்திவிட்டோம்.

தண்ணீர் வடிந்ததும் நாம் செய்த முதற்காரியம், செய்யத் தகாத காரியம். உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் திறப்பைச் செலுத்தித் திருப்பினோம். எஞ்சின் சுழன்றது, ஆயினும் பற்றிக்கொள்ளவில்லை. முன்பலகையில் சிவப்பு விளக்கொன்று விட்டுவிட்டு மின்னியது.

அன்றிரவே எமது தாயாருக்கு முட்டு வருத்தம் கண்டது. தொலைபேசியில் அழைத்த முச்சக்கர வண்டிக்காரர் இருவரும் வெள்ளத்தைக் காரணங் காட்டி மறுத்தனர். மூச்சுக்காகத் தவிக்கும் தாயின் அருகில், ஓடாத காரின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்களை நாம் எளிதில் மறக்கமாட்டோம். அரவங் கேட்டு எழுந்த அயல்வீட்டுப் பெரியவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்” என்றார். அவருடைய பழைய ஒஸ்ரின் ஏ-40 கார், ஓரிரு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. 1990களில் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்துக் கார்களுள் அதுவும் ஒன்று. விடியுமுன் தாயாருக்கு மூச்சுச் சீரடைந்தது. பேச்சு வந்ததும் அவர் கூறிய முதல் வார்த்தை இது: “படிச்ச கார் படுத்திட்டுது, படிக்காத கார்தான் ஓடினது.”

நிற்க. நான்கு நாட்களின் பின் வந்த மெக்கானிக், முன்னர் எம்மிடம் பௌதிகவியல் பயின்றவர். “சேர், எஞ்சினில் பிழையில்லை. அதற்கு உங்களை அடையாளந் தெரியவில்லை” என்றார். இம்மொபிலைசர் எனப்படும் காவற்பொறியே காரணமாம். கார்த் திருட்டைத் தடுக்க எழுந்த இப்பொறி, பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டிலும் அவுஸ்திரேலியாவில் 2001ஆம் ஆண்டிலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. திறப்பின் தலைக்குள் நெல்மணியளவான சில்லு ஒன்று உண்டு. திறப்புத் துவாரத்தைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று அமைந்திருக்கிறது. சுருள் எழுப்பும் மாறுகின்ற காந்தப் புலத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்னைப் பெற்று, தன் இரகசிய இலக்கத்தைச் சொல்லுகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி அவ்விலக்கத்தை ஏற்றால் மாத்திரமே எஞ்சின் ஓட இடங்கிடைக்கும். மைக்கல் பரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலேயன்றி இது வேறன்று. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் நாம் வரைந்துவரும் அதே சுருள் எமது கைத்திறப்பிலே வேலைசெய்வதை, எம் மாணாக்கரே எமக்குக் கற்பிக்க வேண்டியதாயிற்று!

திறப்பைப் பிரித்தபோது உள்ளே இருந்த காசு வடிவான பற்றரி துருப்பிடித்திருந்தது. எமது காரில் அது கதவைத் தூரத்திலிருந்து திறப்பதற்கே உதவுவது. சில்லுக்கு அது வேண்டியதில்லை. சில்லு பழுதின்றியே இருந்தது. கெட்டது, காலடியருகே பக்கத் தகட்டின் பின்னிருந்த பெட்டி. வெள்ளநீரில் கரைந்துள்ள உப்புகள் மின்னைக் கடத்துவன. பற்றரி இணைப்பிலிருக்க, அந்த ஈரத்தினூடே ஓடிய மின் செப்புத் தடங்களை அரித்துப் பச்சைக் களிம்பாக்கியிருந்தது. பற்றரியின் மறைமுனைக் கம்பியை உடனே கழற்றி, பெட்டியை உலர்த்தித் துப்புரவாக்கிய பின்னரே திறப்பைத் தொட்டிருக்க வேண்டும்.

வழிகள் மூன்று இருந்தன. காவலையே நீக்கி எஞ்சினை ஓடச் செய்வது மலிவு. ஆனால் அது கள்வனுக்கும் மலிவு. உடைத்த காரொன்றிலிருந்து எஞ்சின் கணினி, பெட்டி, திறப்பு மூன்றையும் ஒன்றாக வாங்கிப் பூட்டுவது இரண்டாவது. பழைய பெட்டியின் நினைவுச் சில்லில் பதிந்துள்ளவற்றைப் படித்து, அதே இலக்கமுடைய வேறொரு பெட்டிக்கு மாற்றுவது மூன்றாவது. நினைவுச் சில்லு அரிப்புக்குத் தப்பியிருந்தமையால் மூன்றாவது வழி கைகூடிற்று. சிவப்பு விளக்கு அணைந்து எஞ்சின் முழங்கிய வேளையில், மெக்கானிக் கேட்டார்: “சேர், இப்போதாவது இன்னொரு திறப்புப் பதிவோமா?”

ஏற்கப்பட்ட திறப்பு ஒன்று கையிலிருக்கும்போது மற்றொன்றைப் பதிவது சிறு வேலை. உள்ளது ஒன்றும் தொலைந்துவிட்டாலோ, காருக்கு நாம் அந்நியரே. அப்போது பெட்டியையும் கணினியையும் கழற்றித் தொடங்கவேண்டி வரும். மருந்தையும் மாற்றுத் திறப்பையும் வேண்டாத நாளிலேயே தேடி வைத்தல் நன்று.

இரண்டாந் திறப்பு வந்துவிட்டது. அதனை எமது வீட்டில் வைக்கவில்லை. அயல்வீட்டுப் பெரியவரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதற்குள்ளும் படிப்பு இருக்கிறதோ?” என்று கேட்டார்.