பரந்தனில் ஒரு தட்டிவான்

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பிச் சிறிது தூரம் சென்றால், வேப்பமர நிழலில் தகரக் கூரையிட்ட கராஜ் ஒன்று உண்டு. நான் சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்கே, பலகைகளெல்லாம் கழற்றப்பட்டு மரச்சட்டங்கள் மாத்திரம் எஞ்சிய நிலையில் ஒரு தட்டிவான் நின்றது. அதைச் சூழ்ந்து ஓர் ஓடாவியார், ஒரு முதிய மெக்கானிக், இலங்கைப் போக்குவரத்துச் சபையில் சாரதியாயிருந்து இளைப்பாறிய ஒருவர், அவர்களுக்கு உதவியாக இளைஞர் இருவர் ஆகியோர், கூலி எதுவும் எதிர்பாராமல் சிரமதானமாகவே வேலைசெய்துகொண்டிருந்தனர்.

செவர்லே, பெட்போர்ட் முதலிய பழைய லொறிகளின் அடிச்சட்டத்தின்மேல் உள்ளூர்த் தச்சர்கள் மரத்தால் உடல் கட்டி, பின்புறம் சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டியில் மூட்டைகளையும் கடகங்களையும் சைக்கிள்களையும் ஏற்றி, ஜனங்களையும் பண்டங்களையும் ஒருங்கே சுமக்கும்படி அமைத்த இவ்வாகனம், கொடிகாமம் - பருத்தித்துறை வீதியில் எவ்வளவு பிரசித்தமாய் இருந்தது என்பதை வடபகுதியார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1958 ஜனவரி 1ஆந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமான பின்னரும், விடியற்காலையில் சந்தைக்கு வெற்றிலையும் வாழைக்குலையும் கொண்டுசெல்வோருக்குத் தட்டிவானே உற்ற துணையாய் நின்றது.

ஓடாவியாரின் வேலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரம் தாங்கும் குறுக்குச் சட்டங்களுக்குப் பாலை மரமும், மேற்கூட்டுக்கு முதிரையும் என்று வன்னிக் காட்டு மரங்களின் குணமறிந்து அவர் பிரித்து வைத்திருந்தார். மூட்டுகளை ஏன் இன்னும் இறுக்கமாகப் பொருத்தவில்லை, ஐயா, என்று வினவினேன்.

“தம்பி, றோட்டுக் குலுக்கேக்கை வண்டி கொஞ்சம் நெளிய வேணும். நெளிய விடாட்டி மரம் வெடிச்சுப் போம்.”

இச்சிறு விடையில் அடங்கியிருந்த அனுபவ ஞானம் என்னை ஆட்கொண்டது. மரத்தின் இயல்பு, வீதியின் கரடுமுரடு, ஏறப்போகும் நெல் மூட்டையின் கனம் ஆகிய மூன்றையும் மனத்தில் ஒருசேர நிறுத்தியல்லவா ஒவ்வொரு மரையாணியையும் அவர் முடுக்குகிறார்!

முதிய மெக்கானிக்கின் வித்தையோ துன்பத்தில் விளைந்தது. போர்க்காலத்தில் வடபகுதிமீது 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் டீசலும் உதிரிப்பாகங்களும் பற்றறிகளும் கிடைத்தற்கரியனவாய் ஆகிவிட்ட அக்காலத்தில், ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகியவர்களுள் இவரும் ஒருவர். குளிர்ந்த யந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு யந்திரத்தை முதலில் இயக்கி, அது நன்றாகச் சூடேறிய தருணம் பார்த்து மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். முந்தினால் நின்றுவிடும், பிந்தினால் விலைமதிப்பற்ற பெற்றோல் வீணாகும். அமுக்கம் குறைந்த அப்பழைய யந்திரங்களுக்கே இது இசைந்தது. அவற்றிலும் எரியாத எண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும், பிளக்கில் கரி படியும். ஆகையால் ஓயாத கவனிப்பு இன்றியமையாததாயிற்று. 2002இல் தடை தளர்ந்தது. ஆயினும் யந்திரத்தின் ஒலிபேதத்தைச் செவியாலேயே உணரும் அப்பழக்கம் அவரைவிட்டு நீங்கவில்லை. “சத்தத்தைக் கேள், அது சொல்லும்,” என்று இளைஞனை அருகே இருத்தி அவர் கற்பித்த முறையில் கண்டிப்பும் வாஞ்சையும் கலந்திருந்தன.

இவ்வண்டி யாருக்காக? வைகாசி விசாகப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் சந்நிதியில், கடல்நீரால் விளக்கெரியும் அற்புதத்தைத் தரிசிக்கப் பெருந்திரளாகக் கூடும் அடியார்களுள், நெடுந்தூரம் நடக்கவியலாத முதியோரை ஏற்றிச்செல்லவும், தண்ணீர்ப்பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் விறகும் அரிசியும் சுமக்கவும், செத்தவீட்டுக்குக் கதிரை பந்தல் கொண்டுபோகவுமே இவர்கள் இதைத் திருத்துகிறார்கள். இங்கிலாந்தில் புறூக்லண்ட்ஸ் என்னுமிடத்திலுள்ள லண்டன் பஸ் அருங்காட்சியகத்திலும் தொண்டர்கள் பழைய பஸ்களைச் செப்பனிட்டு விழாக்களில் ஜனங்களை ஏற்றி ஓட்டுகின்றனர். அவர்கள் பேணும் ஆர்.டி. இன இரண்டடுக்கு பஸ்கள் நூற்றுக்கணக்கில், லண்டனில் தேவை தீர்ந்தபின், இலங்கைக்கு வந்து நம் வீதிகளிலேயே உழைத்தன. ஆனால் பரந்தனில் உள்ளவர்கள் கடந்துவந்த பாதை வேறு. 2009இல் போர் முடிவுற்ற வேளையில் முள்ளிவாய்க்காலிலும் நந்திக்கடலோரத்திலும் பஸ்களும் உழவு யந்திரங்களும் சைக்கிள்களும் கணக்கின்றிக் கைவிடப்பட்டுக் கிடந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள். அத்தகையோர் ஒரு பழைய வண்டியின் மரையாணியைக்கூட எறியாமல் துடைத்துத் தகரப் பேணியில் சேர்த்து வைப்பதை வெறும் சிக்கனம் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

எனக்குள்ள ஆதங்கம் ஒன்றே. தட்டிவானின் உடலளவு எதுவும் ஓடாவியாரிடம் காகிதத்தில் இல்லை. வளைவும் சரிவும் அவருடைய ஞாபகத்திலும், அவர் கோடிட்டு வைத்த ஓர் அளவுகோற் சலாகையிலும் மாத்திரமே உள்ளன. பரந்தனிலிருந்து அதிக தூரமில்லாத அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடமும், மோட்டார்த் தொழில் கற்பிக்கும் இலங்கை - ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன. பலகைகள் மீண்டும் ஏறி மரக்கூடு மறைந்துவிடுமுன், அங்கு பயிலும் மாணவர் சிலர் அளவு நாடாவுடனும் வரைதாளுடனும் இக்கராஜுக்கு வந்து, ஒவ்வொரு சட்டத்தையும் மூட்டினையும் ஓடாவியாரிடம் கேட்டுக் கேட்டு வரைந்துகொள்ள வேண்டும். இதை நான் அவரிடமே சொன்னபோது, வரட்டும், சலாகையைத் தாறன் என்றார்.