ஒன்பதால் வகுபடும் வித்தியாசம்

எங்கள் வீட்டுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இரண்டு வழியாக வந்தது. அக்காவுக்குத் தபாலில், எனக்கு ரயிலில். எண்பதுகளின் நடுப்பகுதி அது. திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலை ஒட்டிய சந்தில் ஓட்டு வீடு. பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கியிருந்த அஞ்சல்வழிக் கல்வியில் அக்கா பி.காம். சேர்ந்திருந்தாள். பகலில் கடலூரின் பழைய நகரமான ஓ.டி.யில், அப்பாவுக்கு வேண்டிய ஒருவரின் மொத்த மளிகைக் கடையில் பேரேடு எழுதுவாள். தபால்காரர் பாடப் புத்தகக் கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிற நாள் அவளுக்குப் பண்டிகை. கட்டைப் பிரித்ததும் பாடத்தைப் படிக்கமாட்டாள். கடைசிப் பக்கத்தில் இருக்கும் பயிற்சிக் கணக்குகளைத்தான் முதலில் பார்ப்பாள்.

நான் சிதம்பரத்துக்கு மீட்டர்கேஜ் பாசஞ்சரில் போய்வந்து சிவில் படித்தேன். கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அப்புறம் சிதம்பரம். சீசன் டிக்கெட் வைத்திருந்த மாணவர்களுக்கு அந்த ரயில்தான் வீட்டுப்பாடம் செய்யும் இடம். வண்டி ஓடும்போது பென்சிலை வைத்தால் கோடு எங்கேயோ போகும். அதனால் எங்களுக்குள் எழுதாத ஒரு முறை உண்டாகியிருந்தது: ஓடும்போது யோசிப்பது, நின்றால் வரைவது. ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவே விசைகளையெல்லாம் மனசுக்குள் பிரித்து வைத்துக்கொள்வோம். வண்டி நிலையத்தில் நின்றதும் நாலைந்து தலைகள் ஒரே நோட்டின் மேல் கவிழும். கார்டு விசில் ஊதுவதற்குள் வரைபடம் முடிந்துவிட வேண்டும். பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது யாராவது ஒருவன் சன்னலோரம் எழுந்து நின்று, "டேய், இப்ப நாமதான்டா ரோலிங் லோடு" என்பான். எஞ்சினின் ஒவ்வொரு சக்கரமும் பாலத்தில் எந்த இடத்துக்கு வரும்போது வளைவுத் திருப்புத்திறன் உச்சமாகும் என்பது அந்த வாரத்து டுடோரியல் கணக்காக இருக்கும். கணக்குக்குள் உட்கார்ந்துகொண்டே கணக்குப் போட்டோம். அப்படிப்பட்ட வகுப்பறை எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

சிதம்பரத்தில் இறங்கினால் மேற்கே கோயிலும் நான்கு வீதிகளும். கிழக்கே போனால் அண்ணாமலைநகர். மேற்குப் பக்கம் போவது தேர்வுக்கு முந்தைய நாள் நடராஜரைப் பார்ப்பதற்கும், யாராவது பிறந்தநாள் என்று சொன்னால் கொத்சு சாப்பிடுவதற்கும். மற்ற நாளெல்லாம் கிழக்குதான்.

அந்தக் காலத்துப் புத்தகங்கள் இரண்டு அளவு முறைகளில் பேசின. ஒரு கணக்கு கிலோகிராம் விசையில் இருக்கும், அடுத்தது நியூட்டனில். 9.81ஐ எங்கே பெருக்குவது, எங்கே விடுவது என்பதே பாதிப் படிப்பு. கிளார்க்ஸ் டேபிள் எல்லாரிடமும் இருந்தது. கால்குலேட்டர் சிலரிடம்தான். என்னுடையது மெட்ராஸ் பர்மா பஜாரில் மாமா பேரம் பேசி வாங்கி வந்தது. விடையை மட்டும் எழுதி நோட்டை நீட்டினால் எங்கள் சார் திறந்தும் பார்க்கமாட்டார். ஆறு மீட்டர் நீள விட்டம், மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சுமை, நடுவில் 90 கிலோநியூட்டன்-மீட்டர் என்று எழுதினால் போதாது. தாங்குமுனை ஒவ்வொன்றும் 60 தாங்குகிறது என்று முதலில் சொல்ல வேண்டும், வெட்டுவிசைப் படம் எந்த இடத்தில் பூஜ்யத்தைக் கடக்கிறது என்று காட்ட வேண்டும், அங்கேதான் உச்சம் என்று நிறுவ வேண்டும். 90 கடைசியில் தானாக வந்து நிற்கும். கட்டடம் விழுவது விடையில் இல்லை, விட்டுப்போன வரியில்தான் என்று அவர் சொல்வார். பிறகு வேலைக்குப் போன இடங்களிலெல்லாம் அது உண்மையாக இருந்தது.

ராத்திரி ஒரே மேஜை, ஒரே டியூப்லைட். ஒரு பக்கம் என் வரைபலகை, இன்னொரு பக்கம் அக்காவின் நீளக் கணக்கு நோட்டு. கால்குலேட்டரை நீட்டினால் வாங்கமாட்டாள். விரலால் வரிசையைத் தொட்டுக்கொண்டே வாய்க்குள் கூட்டுவாள். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. இரண்டும் ஒன்றாக வந்தால்தான் அடிக்கோடு போடுவாள்.

இருப்பாய்வு சரியாக வராத இரவுகளில்தான் அவளுடைய முழுத் திறமையும் தெரியும். பற்றுப் பக்கத்துக்கும் வரவுப் பக்கத்துக்கும் 270 வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாதியாக்குவாள், 135. அந்தத் தொகை எங்கேயாவது பக்கம் மாறி உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுவாள். இல்லையென்றால் ஒன்பதால் வகுப்பாள். மீதியில்லாமல் போகும், 30. உடனே முகம் தெளிந்துவிடும். "எண்ணு எடம் மாறியிருக்குடா தம்பி. நூறு எடமும் பத்து எடமும். மூணு வித்தியாசம்" என்பாள். அப்புறம் தேடுவது சுலபம். எட்டும் ஐந்தும், ஏழும் நாலும், ஆறும் மூன்றும் மாதிரி மூன்று வித்தியாசமுள்ள எண்கள் அடுத்தடுத்து வருகிற தொகைகளை மட்டும் பார்த்தால் போதும். சற்று நேரத்தில் 850 என்று இருக்க வேண்டிய இடத்தில் 580 அகப்பட்டுவிடும். வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டுப் படுக்கலாம் என்று புத்தகமே வழி சொல்லியிருந்தது. அவள் ஒருநாளும் அப்படித் தள்ளவில்லை.

ஏன் ஒன்பது என்று ஒருநாள் நான்தான் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். நூறின் இடத்தில் இருப்பதைப் பத்தின் இடத்துக்கும், பத்தின் இடத்தில் இருப்பதை நூறின் இடத்துக்கும் மாற்றினால், வித்தியாசம் எப்போதும் தொண்ணூறின் மடங்குதான். இடத்தைப் பொறுத்து எண்ணின் மதிப்பு மாறுகிற முறையில் மட்டுமே இது நடக்கும். ரோமானியர் எழுதிய மாதிரி எழுதினால் இந்தப் பிழைக்கு இடமே கிடையாது, இந்தச் சோதனைக்கும் கிடையாது.

இதைச் சொன்னபோது நாங்கள் உட்கார்ந்திருந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. எவ்வளவோ காலம் கழித்துத்தான் லோகவிபாகம் என்ற சமண நூலைப் பற்றிப் படித்தேன். உலகத்தின் அமைப்பையும் அளவுகளையும் பேசும் நூல் அது. சர்வநந்தி என்ற முனிவர் அதைப் பிராகிருதத்தில் எழுதி முடித்தது சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458. காஞ்சியில் பல்லவன் சிம்மவர்மன் ஆட்சி. மூலம் அழிந்துவிட்டது, சிம்மசூரி செய்த வடமொழி வடிவம்தான் கிடைக்கிறது. பெரிய எண்களைச் சுழியத்தோடு இடமதிப்பு முறையில் சொல்லும் நூல்களில், காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய சான்றாக வரலாற்றாசிரியர்கள் காட்டுவது இதைத்தான். எழுதப்பட்ட ஊர் பாடலிகை என்கிறது நூல். அந்தப் பாடலிகை திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது அறிஞர்கள் கருத்து. அப்பர் தருமசேனராக இருந்த சமண மடமும் அங்கேதான். படித்து முடித்துவிட்டு நான் வெகுநேரம் வேறு வேலை பார்க்கவில்லை. அக்கா விரலால் தொட்டுத் தொட்டு 850ஐத் தேடிய வீடு, அந்த மடம் இருந்த அதே ஊரில் இருந்தது. அவளுக்கு அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க ஒருவரும் இல்லையே என்பது இன்றும் எனக்கு ஆற்றாமை.

பல்கலைக்கழக நூலகத்தில் நாங்கள் எடுத்துப் படித்த கட்டமைப்பியல் புத்தகம் ஒன்று கையிலிருந்து கைக்குப் போய் முதுகு தேய்ந்திருந்தது. அதன் கடைசியில் அச்சாகியிருந்த விடைகளில் சில தவறானவை. நல்லவேளையாக எங்களுக்கு முன்னே படித்தவர்கள் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்கள். ஒருவர் "தவறு, 2.4" என்று எழுதியிருப்பார். அச்சில் 4.2 என்று இருக்கும். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் "நானும் போட்டேன், 2.4தான்" என்று இருக்கும். அதற்கும் கீழே மூன்றாவது கை ஒரு சின்னச் சரி போட்டிருக்கும். புத்தகத்தில் எழுதக்கூடாது என்பது விதி. ஆனாலும் முகம் தெரியாத அந்த அண்ணன்மார்களை நம்பித்தான் பல இரவுகள் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். அச்சிட்ட விடைக்கு எதிராகத் தன் செய்முறையை நம்புகிற துணிச்சலை எங்களுக்குக் கொடுத்தவை அந்தப் பென்சில் வரிகள்தான்.

அதே வளாகத்தில், பொறியியல் புலம் 1945இல் தொடங்குவதற்கும் முன்னால், பின்பக்கத்தில் விடையே இல்லாத கணக்குகளை ஒருவர் போட்டுக்கொண்டிருந்தார். எஸ்.எஸ். பிள்ளை. செங்கோட்டைக்குப் பக்கத்து வல்லத்தில் 1901இல் பிறந்தவர். பல்கலைக்கழகம் தொடங்கிய 1929இலிருந்து 1941வரை அங்கே கணித விரிவுரையாளர். வேரிங் என்ற ஆங்கிலேயர் பதினெட்டாம் நூற்றாண்டில் போட்டுவிட்டுப் போன புதிரில் அவர் பெரும்பகுதியை அவிழ்த்தது அண்ணாமலைநகரில் இருந்தபோதுதான். எந்த முழு எண்ணையும் எத்தனை ஆறாம் படி எண்களின் கூட்டலாக எழுதலாம்? 73 போதும் என்று 1940இல் நிறுவினார். 73க்குக் குறைத்தால் முடியாது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 703ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றின் ஆறாம் படி 729, அது 703ஐத் தாண்டிவிடும். இரண்டின் ஆறாம் படி 64. அதில் பத்து எடுத்தால் 640, மீதி 63க்கு ஒன்றுகள்தான். பத்தும் அறுபத்து மூன்றும் எழுபத்து மூன்று. இந்தப் பாதி அக்காவுக்கும் புரியும். மற்றப் பாதி, எந்த எண்ணுக்கும் அதற்கு மேல் தேவைப்படாது என்பது, உலகத்தில் மிகச் சிலருக்கே கைவந்த வேலை. அமெரிக்காவில் நடந்த உலகக் கணிதப் பேரவைக்குப் போகும் வழியில், 1950 ஆகஸ்ட் 31 அன்று, கெய்ரோவுக்கு அருகே விமானம் விழுந்து அவர் இறந்தார். நான் படித்த ஆண்டுகளில் என் காதில் அவர் பெயர் விழவேயில்லை.

அக்காவின் பாடங்களில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது கூட்டாண்மைக் கலைப்பு. அதிலும் கார்னர்–முர்ரே விதி. இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்ன தீர்ப்பு, நம் நாட்டு பி.காம். மாணவர் ஒருவரும் தப்ப முடியாதது. கூட்டாளிகளில் ஒருவர் நொடித்துப்போனால், அவர் கட்ட வேண்டிய பற்றாக்குறையை மற்றவர்கள் லாபப் பங்கு விகிதத்தில் தாங்க வேண்டியதில்லை, போட்ட மூலதனத்தின் விகிதத்தில் தாங்க வேண்டும். ஒருவர் முப்பதாயிரம் போட்டிருக்கிறார், இன்னொருவர் பத்தாயிரம், மூன்றாமவர் கையை விரித்ததில் பற்றாக்குறை எட்டாயிரம். லாபத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டவர்கள்தான். ஆனால் நட்டத்தில் முதலாமவருக்கு ஆறு, இரண்டாமவருக்கு இரண்டு.

"நம்பி அதிகமா போட்டவன்தான் அதிகமா எழக்கணுமா? இது என்ன நியாயம்?" என்று பேனாவை வைத்துவிட்டாள். என்னைக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். சாய்வு நாற்காலியிலிருந்து அப்பா பதில் சொன்னார்: "நெறைய போட்டவன் தாங்குவான்னு கோர்ட்டு நெனைச்சிருக்கும்மா."

அப்பா ஓ.டி.யில் மூன்று பேரோடு சேர்ந்து மணிலா மண்டி வைத்திருந்தவர். கூட்டாளி ஒருவர் மஞ்சள் கடிதாசு கொடுத்துவிட்டுப் போனார். அப்போது நான் சின்னப் பையன். அக்காவுக்கு விவரம் தெரிகிற வயசு. அவளுடைய சங்கிலி போனதும், பள்ளிக்கூடம் முடித்ததும் கல்லூரிக்கு அனுப்ப முடியாமல் போனதும், தபாலில் படிப்பு வந்ததும் அதற்குப் பிறகுதான். அன்று ராத்திரி அவள் வேறொன்றும் பேசவில்லை. கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டாள். ஒவ்வொரு செயல்குறிப்பையும் சிவப்பு மையில் தனியே எழுதினாள். அப்பா விளக்கை அணைக்கச் சொல்லவில்லை.

இப்போது பிள்ளைகள் கணக்கைப் படம் பிடித்துப் போட்டால், விடை படிப்படியாக வந்துவிடுகிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன். வழி காட்ட ஆளில்லாத வீட்டில் அது பெரிய உதவி. ஆனால் ஒரு வித்தியாசத்தைத் தேடி இரண்டு பேர் ஒரே விளக்கடியில் உட்கார்ந்திருந்த நேரம் என்று ஒன்று இருந்தது. தேடுகிறபோதுதான் மற்றதெல்லாம் பேச முடிந்தது. பேசாமலும் இருக்க முடிந்தது. அந்த நேரம் போய்விட்டது. ரயிலும் போய்விட்டது. விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதை அகலமாக்கப்பட்டு 2010இல் திறந்தபோது நான் ஒருமுறை ஏறிப் போனேன். வண்டி வேகமாகத்தான் போகிறது. மடியில் நோட்டு வைத்திருந்த ஒருவரையும் பார்க்கவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. எங்கள் வீட்டுப் பக்கம் ஓடுகள் பறந்தன. பரண் திறந்த வானமாகிவிட்டது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது என் வரைபடங்கள், கிளார்க்ஸ் டேபிள், அக்காவின் நீள நோட்டுகள் எல்லாம் ஒரே கூழாக ஒட்டிக்கிடந்தன. பண்ருட்டியில் அவள் வீட்டிலும் மின்சாரம் இல்லை, முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்துவிட்டது. போன் கிடைக்கவே வெகு நாளாயிற்று. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பீரோ தப்பித்தது, அப்பா படம் தப்பித்தது, நோட்டு ஒன்றும் மிஞ்சவில்லை.

"கலைப்புக் கணக்கு நோட்டுமா?" என்றாள்.

"அதுவும்தான்க்கா."

"போகட்டும். முப்பது, பத்து, பற்றாக்குறை எட்டு" என்றாள். "அப்பாவுக்கு ஆறு வரும்."