கூடலூர்ச் சாலையும் வெள்ளிக் காசும்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களைக் கடந்து வரும் சாலை, மலையடிவாரத்தில் கூடலூரை அடைகிறது. இருமருங்கிலும் நெல் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. 1895-இல் முடிவுற்ற பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்து வந்து இப்பள்ளத்தாக்கை வளப்படுத்துகிறது. ஊருக்கு அப்பால் சாலை வளைந்து வளைந்து குமுளிக்கு ஏறுகிறது.

ஊரின் பெயர் பழமையானது. ஆண்டிபட்டித் தாலுகாவிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகல் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் போரில் மாண்ட வீரனைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் குறிப்பிடுகிறது. அது இந்தக் கூடலூரே என்பது அறிஞர் சிலர் கருத்து.

கல்லில் வீரன் பெயர் நின்றது போல, வெள்ளியில் வேந்தன் சின்னம் நின்றது. இதே மலைத்தொடரின் அடியிலுள்ள போடிநாயக்கனூரில் முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள் ஆயிரத்துக்கு மேல் ஒரே புதையலாகக் கிடைத்தன. வெள்ளித் தகட்டைத் துண்டாக்கி, மூலையை நறுக்கி எடையைச் சரிசெய்து, ஒரு புறம் ஐந்து சின்னங்களைக் குத்துவது அக்காலத்து முறை. இக்காசுகளின் பின்புறத்தில் உள்ள கோட்டுருவம் பாண்டியரின் மீனே என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். மலைக்கு அப்பால், கேரளத்து எய்யாலில் 1946-இல் அகப்பட்ட புதையலில் இத்தகைய முத்திரைக் காசுகளும் ரோமாபுரி நாணயங்களும் ஒருங்கே இருந்தன. மிளகு வாணிபத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பிரெஞ்சு தேசத்தில் இடைக்காலத்துச் சிற்றரசர்களும் பிஷப்புகளும் தத்தம் பெயரால் 'தெனியே' என்னும் சிறு வெள்ளிக் காசுகளை வெளியிட்டனர். பொயே தாவான் என்பவர் அவற்றை ஊர்வாரியாக வகைப்படுத்தி, 1858 முதல் 1862 வரை மூன்று பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு சிறு பிரபுவின் காசும் அந்நாட்டாருக்குச் சரித்திரம்!

நம் நாட்டிலோ, உழும்போது அகப்படும் வெள்ளி பெரும்பாலும் தட்டானின் உலைக்குச் செல்கிறது. உருகியபின் மிஞ்சுவது சில ரூபாய். அழிவது ஓர் அரசனின் சாட்சியம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென 1878-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. எந்த மண்ணில், எந்தக் கலயத்தில், எந்தக் காசுகளோடு இருந்தது என்ற விவரம் காசைவிட அருமையானது. ஆகவே, காசு சேர்க்கும் அன்பர்களே, வாங்குமுன் அது கிடைத்த இடத்தைக் கேளுங்கள். உழவர் பெருமக்களே, கலப்பை நுனியில் கலயம் தட்டுப்பட்டால் தட்டானிடம் ஓடாதீர்கள். அதனுள்ளே நம் முன்னோர் பேசக் காத்திருக்கலாம்.