கடைவண்டியின் வேகம்

இலங்கையின் மலையகத்தில் மோட்டார் சைக்கிள் பயணிகளை வழிநடத்திச் செல்லும் தொழிலைப் பற்றி நிலவும் கருத்துகளில் மிகப் பரவலானதும் மிகப் பிழையானதும், வழி தெரிந்திருப்பதைத் தவிர அத்தொழிலில் வேறொன்றுமில்லை என்பதாகும். கைத்தொலைபேசியில் வரைபடம் வந்து சேர்ந்தபின் இக்கருத்து பயணிகளைத் தாண்டி முகவர்களையும் பற்றிக்கொண்டது. பாதையை ஒரு கோப்பாகத் தயாரித்துப் பயணிகளின் தொலைபேசிகளில் ஏற்றிவிட்டால் வழிநடத்துநருக்குக் கொடுக்கும் கூலி மிச்சமாகும் என்று ஒரு பயண முகவர் அண்மையில் கூறியதே இக்கட்டுரை எழுதப்படுவதற்கு உடனடிக் காரணம். அம்முகவர் கினிகத்தேனைச் சந்தியில் நின்று நாவலப்பிட்டி எப்பக்கம், நோர்ட்டன் பிரிட்ஜ் எப்பக்கம் என்று சொல்லக்கூடியவரா என்பது வேறு விடயம்.

அவிசாவளையில் தொடங்கும் ஏ7 வீதி ஏறக்குறைய 119 கிலோமீற்றர் நீளமுடையது. யட்டியாந்தோட்டையையும் கித்துல்கலையையும் கடக்கும்வரை களனி கங்கையோடு ஒட்டிச் செல்லும் அவ்வீதி, பின்னர் ஆற்றைக் கீழே விட்டுவிட்டுக் கினிகத்தேனைக்கு ஏறி, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவைச் சென்றடைகிறது. கினிகத்தேனைக்குத் தெற்கே இரண்டு மலையிடுக்குகள் உள்ளன. காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் வழியாக இறங்கும் கெசல்கமுவ ஓயாவும், மவுசாகலையிலிருந்து கெனியோன், லக்சபான வழியாக இறங்கும் மஸ்கெலியா ஓயாவும் தனித்தனிப் பள்ளங்களை அறுத்துக்கொண்டு வந்து, கித்துல்கலைக்கு மேலே ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. ஓயா என்பது கங்கையைவிடச் சிறிய ஆற்றுக்கு வழங்கும் பெயர். முதலாவதில் 98 மீற்றர் அபர்டீன் நீர்வீழ்ச்சியும் இரண்டாவதில் 126 மீற்றர் லக்சபான நீர்வீழ்ச்சியும் உள்ளன. 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ திரைப்படம் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது என்பதை வரும் பயணிகள் எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். இவ்வோயாக்களிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே வாதிட்ட பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவைப் பற்றியோ, 1950இல் இயங்கத் தொடங்கிய லக்சபான மின்நிலையத்தைப் பற்றியோ கேட்பவர்கள் அரிது. அம்மின்திட்டத்துக்காக வெட்டப்பட்ட பாதைகளில்தான் அப்பயணிகள் வண்டி ஓட்டுகிறார்கள்.

இப்பாதைகளின் கடினம் உயரத்தில் இல்லை. லடாக்கின் கர்துங் லா கணவாய் 5300 மீற்றருக்கும் மேலே இருப்பதால், அங்கே மூச்சுத் திணறலும் பனிக்கட்டியும் வழிநடத்துநரின் முதல் கவலையாகின்றன. இங்கோ முதல் கவலை தண்ணீர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் மேகம் முதலில் மோதிக் கொட்டுவது இச்சரிவுகளில்தான். வட்டவளையில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரையும் தாண்டுவதுண்டு. கனமழையில் லக்சபான, நோர்ட்டன் பிரிட்ஜ் அணைகளின் வான்கதவுகள், அதாவது மிகை நீரை வெளியேற்றும் கதவுகள், திறக்கப்படும்போது, காலையில் பாறை தெரிந்த ஆற்றில் மதியம் பாறை தெரியாது. ஆகவே ஆற்றோரத்தில் வண்டிகளை நிறுத்திப் படமெடுக்கலாமா என்பதை மேலே மழை பெய்ததா என்று விசாரித்தே முடிவுசெய்ய வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் புறப்படுமுன் பார்ப்பது இத்தொழிலின் அரிச்சுவடி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மலைநாட்டு வீதிகளைப் பல இடங்களில் அறுத்துச் சென்றது. பாதை அழிந்தாலும் வரைபடத்துக் கோடு உடனே அழிவதில்லை என்பதை அப்போது பலர் கண்டுகொண்டனர்.

வண்டிகளைக் கூட்டமாக நடத்தும் முறை பார்வைக்கு எளியது. முன்வண்டி என்பது வழிநடத்துநரின் வண்டி. கடைவண்டி என்பது எல்லோருக்கும் பின்னால், கருவிப் பெட்டியும் முதலுதவிப் பொருட்களும் சுமந்துவரும் உதவியாளரின் வண்டி. எவரும் அதற்கும் பின்னால் தங்கிவிடக்கூடாது. சந்தி வந்தால், முன்வண்டிக்கு அடுத்து வருபவர் அங்கே நின்று, கடைவண்டி வந்து சேரும்வரை மற்றவர்களுக்குத் திசை காட்டிவிட்டு, அதற்கு முன்னால் சேர்ந்துகொள்ள வேண்டும். இவ்வளவையும் அரைமணி நேரத்தில் கற்பித்துவிடலாம். கற்பிக்க முடியாதது வேகம். வளைவுக்கு வேகம் குறைத்த முன்வண்டி, வளைவைத் தாண்டியதும் வழமையான வேகத்தை எடுக்கும். அந்நேரம் ஐந்தாவது வண்டி இன்னும் வளைவுக்குள்ளேயே இருக்கும். இடைவெளியைக் கண்டு அவ்வண்டிக்காரர் பதறிக் கூட்டும் வேகம், முன்வண்டி அப்பாதையில் ஒருபோதும் எட்டாத வேகமாகிவிடுகிறது. கூட்டத்தில் மிகவும் அனுபவம் குறைந்தவர் பெரும்பாலும் தயங்கிக் கடைசியில்தான் வருவார் என்பதால், மிகவும் இயலாதவரே மிகவும் வேகமாக ஓட்ட நேர்கிறது. முன்வண்டிக்காரர் தம் வேகத்தைத் தமக்கு முன்னாலுள்ள வீதியைப் பார்த்துத் தீர்மானிக்கிறார் என்று வெளியார் நினைக்கின்றனர். உண்மையில் அவர் கண்ணுக்குத் தெரியாத கடைவண்டியை மனத்தில் வைத்தே அதைத் தீர்மானிக்கிறார்.

எனினும் இத்தொழிலில் இருப்பவர்களை உண்மையாகவே திணறவைப்பது வேறொன்று: தேயிலைத் தோட்டப் பாதையின் இடப்பக்கக் கொண்டை ஊசி ஏற்றம். ஏ7 போன்ற பிரதான வீதிகள் பஸ்ஸுக்கும் லொறிக்கும் இசைவாகச் சாய்வு குறைத்து வெட்டப்பட்டவை. தோட்டப் பாதைகளோ கொழுந்தை மலையிலிருந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, இறக்கினால் போதும் என்ற கணக்கில் வெட்டப்பட்டவை. கொண்டை ஊசி வளைவில் வெளிவிளிம்பும் உள்விளிம்பும் ஒரே உயரத்தை ஏறுகின்றன, ஆனால் உள்விளிம்பின் தூரம் மிகக் குறைவு. ஆகவே உள்விளிம்பு வெளிவிளிம்பைவிடப் பலமடங்கு செங்குத்தாக நிற்கிறது. இந்நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், இடப்பக்கம் திரும்பும் வளைவில் ஏறுபவருக்கு அந்தச் செங்குத்தான உள்விளிம்பே பங்காக வாய்க்கிறது. அதை ஒட்டியே கான் ஓடுகிறது. கான் என்பது மழைநீர் வடிய வெட்டப்பட்ட வாய்க்கால். 200 கிலோவை நெருங்கும் ஒரு ஹிமாலயன் வண்டியில் வரும் பயணி, வளைவின் நடுவில் அச்சங்கொண்டு கிளச்சை முழுதாக அமுக்கினால், சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உள்ள தொடர்பு அற்று, வண்டி ஒரு கணம் அசையாது நின்று, பின் பள்ளப்பக்கமாகச் சாயும். ஊன்றுவதற்கு இடக்காலை நீட்டினால் அங்கே தரை இல்லை, கான் இருக்கிறது. வலப்பக்கம் வாகனம் ஓடும் நாடுகளிலிருந்து வருபவர்கள் இதைத் தவிர்க்க எண்ணி எதிர்ப்பக்கத்துக்கு ஒதுங்குவார்கள். அங்கே கொழுந்து லொறி இறங்கி வரும்.

கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களில் இவ்வளைவைக் கற்பிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வுபெற்ற அவர், பின்னாளில் மோட்டார் சைக்கிள் திருத்துபவராக அறியப்பட்டவர்; பயண நிறுவனங்கள் எதிலும் வேலை பார்த்ததில்லை. இப்பகுதியில் முன்வண்டி ஓட்டப் பழகியவர்களில் ஒரு தலைமுறையினர், இக்கட்டுரையை எழுதுபவர் உட்பட, அவரிடம் பழகியவர்களே. வண்டியை நிறுத்திவிட்டு வளைவை நடந்து ஏறச் சொல்வதே அவர் தரும் முதற்பாடம். லொறியின் பின்சக்கரம் அரித்த விளிம்பு எது, பாசி படிந்த கல் எது, மேலேயுள்ள தேயிலை மலையிலிருந்து மண் கரைந்து இறங்கும் இடம் எது என்று காலால் தடவிப் பார்த்தபின், அவற்றின் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிக்க வேண்டும். ஒப்புவிக்கத் தவறினால் அன்றைக்கு வண்டி கிடையாது. கற்பதற்கு அவர் கொடுத்தது இலேசான ஒரு பழைய ஹொண்டா வண்டி. பாரமான வண்டியில் பழகியவன் பலத்தால் ஓட்டுவான், இலேசான வண்டியில் பழகியவனே சமநிலையால் ஓட்டுவான் என்பது அவர் கொள்கை. அடுத்த பாடம் வளைவின் நடுவில், மிகச் செங்குத்தான இடத்தில் வண்டியை நிறுத்தி, பின்னோக்கி ஒரு சாண்கூட உருளாமல் மறுபடி கிளப்புவது. அதற்குத் தேவையானது அரைக்கிளச். அதாவது கிளச்சை முழுதாக அமுக்காமலும் முழுதாக விடாமலும், எஞ்சின் சக்கரத்தைப் பிடிக்கத் தொடங்கும் இடத்திலேயே விரல்களால் நிறுத்திவைத்து, பின்பிரேக்கை மெல்ல மெல்லத் தளர்த்துவது. பார்வை முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும்; கழுத்தைத் திருப்பாதவர்களின் தலைக்கவசத்தைப் பிடித்து அவரே திருப்பிவிடுவார். “வளைவுக்குள்ள போயி கியர் தேடாத தம்பி, வெளியிலயே தேடி எடுத்துக்கிட்டு வா” என்ற அவருடைய வாக்கியம் இப்பகுதியில் இன்றும் வழங்குகிறது, சொன்னவர் இன்னாரென்று அறியாதவர்களின் வாயிலும்.

அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று கூற இயலாது. முன்பிரேக்கை அவர் ஏறக்குறைய ஒரு பாவமாகவே கருதினார்; டிரம் பிரேக் காலத்து அனுபவம் அது, டிஸ்க் பிரேக் பூட்டிய இன்றைய வண்டிகளுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. சினமும் அவருக்கு அளவுக்கு மிஞ்சியது. ஆனால் வளைவை வண்டியிலிருந்து அல்லாமல் பாதையிலிருந்து தொடங்கிக் கற்பித்தவர் அவர் ஒருவரே. அவருக்குப் பின் வந்தவர்கள் வண்டியைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள்.

இறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதும், பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதும், ஏறிவரும் வாகனத்துக்கு இறங்குபவரே வழிவிட வேண்டும் என்பதும் எல்லோரும் அறிந்தவை. கடவல, தியகல பகுதிகளில் மூடுபனியும் மழையும் சேரும்போது, காபட் வீதியில், அதாவது மழமழப்பான புதிய தார்ப்பரப்பில், பஸ்ஸிலிருந்து சிந்திய டீசல் நீர்மேல் வானவில் நிறத்தில் மினுங்கும். அந்நிறத்தைக் கண்டால் வண்டியைச் சாய்க்காமல், வேகத்தை நிமிர்ந்த நிலையிலேயே குறைத்துத் திரும்ப வேண்டும். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நேரம் தெரிந்திருந்தால், லொறி எப்போது எந்தப் பாதையில் இறங்கும் என்பதும் தெரிந்துவிடும். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமான டிசம்பர் முதல் மே வரை, நள்ளிரவில் மஸ்கெலியா நோக்கிச் செல்லும் பஸ்களின் சாரதிகள் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இவை எந்தக் கோப்பிலும் ஏறாதவை.

இளையவர்களின் வழி இப்போது வேறாக இருக்கிறது. தலைக்கவசத்தில் கமரா பூட்டிக்கொண்டு முன்வண்டி ஓட்டுபவர், வளைவைத் தாண்டியதும் பின்னால் பார்க்காமல் முன்னாலுள்ள காட்சியைப் பார்க்கிறார், ஏனெனில் படத்துக்கு வேண்டியது அதுவே. தொலைபேசி வரைபடம் பாதையையும் படிக்கட்டையும் பிரித்தறிவதில்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் முடிந்துபோகும் ஒற்றையடிப் பாதைகளுக்குள் வண்டிக் கூட்டங்கள் வந்து மாட்டிக்கொள்வதும், தோட்டத்துப் பிள்ளைகள் கூடிநின்று சிரிப்பதும், பெரியவர் ஒருவர் வந்து “இதுல போவ ஏலாது மாத்தயா” என்று திருப்பியனுப்புவதும் வழமையாகிவிட்டன. மலையிடுக்குக்குள் இறங்கினால் அலைவரிசை கிடைப்பதில்லை என்பதால், முன்கூட்டியே பதிவிறக்கி வைக்காத வரைபடமும் பாதிவழியில் கைவிடும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் மட்டும் கிடைத்த மாதங்களில், பழகிய முன்வண்டிக்காரர்கள் பலர் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தைத் துணிச்சல் மட்டுமே உள்ளவர்கள் நிரப்பினார்கள். அவர்களை மட்டும் குறைகூறுவதும் முறையாகாது. தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று உரிமங்கள் வகைப்படுத்தப்பட்டுள்ள நாட்டில், பயணியே தன் வண்டியை ஓட்ட அவருக்கு முன்னால் வேறொரு வண்டியில் செல்பவரை எவ்வகையில் சேர்ப்பது? அவர் சாரதி அல்லர், ஏனெனில் பயணியை அவர் ஏற்றிச் செல்வதில்லை. ஓரிடத்தில் நின்று விளக்கம் சொல்பவரும் அல்லர். வகையில்லாத தொழிலுக்குத் தேர்வும் இல்லை, தேர்வில்லாத தொழிலில் எவரும் தம்மைத் தேர்ந்தவர் என்று சொல்லிக்கொள்ளத் தடையும் இல்லை.

இவற்றையெல்லாம்விடக் கேடானது கடைவண்டி மறைந்துவருவது. ஒரு வண்டியும் ஓர் ஆளும் மிச்சமாகும் என்பதற்காக, எட்டுப் பயணிகளுக்கு ஒரே வழிநடத்துநர் என்ற கணக்குக்கு முகவர்கள் வந்துவிட்டனர். முன்வண்டியின் கண்ணாடியில் மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் தெரிந்தாலே பெரிது. மற்ற ஆறு பேரும் வளைவுக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கானுக்குள் விழுந்தால், அது முன்வண்டிக்காரருக்கு அடுத்த சந்தியில் காத்து நின்று, எண்ணிப் பார்த்து, ஆள் குறைவதைக் கண்டபின்னரே தெரியவரும். அதன்பின் அவர் திரும்பி இறங்க வேண்டும். முன்னால் நிற்கும் ஏழு பேரும் வழிநடத்துபவரின்றி மழையில் நிற்க வேண்டும். கடைவண்டிக்கு ஒருநாள் கூலி எவ்வளவு என்று கேட்கும் முகவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்காட்டினால், அதற்குத்தான் தொலைபேசி இருக்கிறதே என்கிறார்கள்.