இரக்கமும் நேரசூசியும்

ஒருவரை அவருக்குரிய வேலையிலிருந்து விடுவிப்பது அவருக்குச் செய்யும் உதவி என்று நம்பியிருந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. அந்த நம்பிக்கையினால் சக ஆசிரியர் ஒருவருக்கு நான் இழைத்த தீங்கையே இங்கு எழுத முற்படுகிறேன். தனியொருவனின் பாவமன்னிப்பாக வாசகர் இதனைக் கொள்ள வேண்டியதில்லை. நான் செய்ததை இன்றும் எத்தனையோ பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் நல்லெண்ணத்துடனேயே செய்துகொண்டிருக்கிறார்கள். ஆதலினாலேயே இது எழுதத் தக்கதாகிறது.

2016 ஆம் ஆண்டு எமது பாடசாலைக்கு வரலாற்றுப் பட்டதாரி ஒருவர் நியமனம் பெற்று வந்தார். அவர் பிறவியிலேயே பார்வையற்றவர். பிரெயில் குறிப்புக்களை விரல்களால் தடவியபடி அவர் பதினோராம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சியை விளக்கும்போது, அடுத்த அறையில் புணர்ச்சி விதிகளை நடத்திக்கொண்டிருந்த என்னுடைய மாணவரின் காதுகளும் அங்கேயே இருக்கும். எனக்குச் சற்றுப் பொறாமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

அடுத்த ஆண்டு நேரசூசி தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு பற்றிய கவலை எல்லோருக்கும் இருந்தது. விடைத்தாள்களை அவர் எவ்வாறு திருத்துவார், மேல்மாடி வகுப்புக்கு எவ்வாறு ஏறுவார் என்ற கேள்விகள் எழுந்தன. அவரிடம் எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மேல்வகுப்புக்களை அவரிடமிருந்து எடுத்து, ஆறாம் வகுப்பில் சில பாடவேளைகளை மாத்திரம் கொடுத்தேன். வகுப்பாசிரியர் பொறுப்பு இல்லை. பரீட்சை மேற்பார்வை இல்லை. நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியுடன் அன்று வீடு சென்றேன்.

முன்பெல்லாம் மணி அடிப்பதற்கு முன்னரே வந்துவிடும் மனிதர், பிந்தி வரத் தொடங்கினார். காலையில் பத்திரிகையை வாசித்துக் காட்டும்படி கேட்டு, தலையங்கத்தோடு சண்டை பிடிப்பவர், கேட்பதை நிறுத்திக்கொண்டார். ஆசிரியர் அறையின் மூலையில், மடக்கிய வெண்பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். “குடுத்து வைச்ச மனுசன், இருந்தபடியே சம்பளம்” என்று யாரோ சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். கண் தெரியாதவருக்குக் காதும் கேளாது என்று எண்ணுவோர் கற்றோரிடையேயும் உளர்.

2018 இல் ஆசிரியர்களின் மனநலத்துக்கென அரைநாட் பயிலரங்கு ஒன்று நடந்தது. நோக்கம் நல்லதே. விளக்கப் படங்கள் சுவரில் ஒளிர்ந்தன. அச்சிட்ட துண்டுப் பிரசுரம் ஒன்று எல்லோர் கையிலும் கொடுக்கப்பட்டது, அவர் கையிலுந்தான். இறுதியில், எல்லோரும் கண்களை மூடிக்கொண்டு அழகிய கடற்கரை ஒன்றைக் காணும்படி கேட்கப்பட்டோம். நான் கண்களை மூடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தத் துண்டுப் பிரசுரத்தை நான்காக, எட்டாக, பதினாறாக மடித்துக்கொண்டிருந்தார்.

அன்று பிற்பகல் பேருந்துத் தரிப்பிடம் வரை அவருடன் நடந்தேன். உளவளத்துணையாளர் ஒருவரைச் சந்தித்தால் நல்லது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் நின்றார்.

“கண் தெரியாதது எனக்குப் பழகிப் போச்சு சேர். பிறந்த நாள் தொடக்கம் அதோடைதானே இருக்கிறன். பள்ளிக்கூடத்துக்கு வந்து சும்மா இருக்கிறதுதான் பழகேல்லை. பின்னேரம் வீட்டை போனால் அம்மா, ‘இண்டைக்கு என்ன படிப்பிச்சனி?’ எண்டு கேப்பா. நான் பொய் சொல்லுவன்.”

“உங்களுக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதெண்டுதான்...” என்று இழுத்தேன்.

“கஷ்டத்தைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்டனான். வேலையைக் குறைக்கச் சொல்லேல்லையே.”

ஆம், அவர் கேட்டிருந்தார். ஒரு முறையல்ல, மூன்று முறை. சுற்றறிக்கைகளையும் வினாத்தாள்களையும் யுனிகோட் எழுத்தில் தட்டச்சிட்டுத் தரும்படி கேட்டிருந்தார். பார்வையற்றோருக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது 2006 இல் அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, இலவசமாகக் கிடைப்பது, தமிழையும் வாசிப்பது. ஆனால் எமது நாட்டில் நெடுங்காலமாகப் பழகிவிட்ட பாமினி எழுத்துருவை அதனால் வாசிக்க முடியாது. ‘அம்மா’ என்ற சொல்லைப் பாமினியில் தட்டினால், எமது கண்ணுக்குத் தமிழாகத் தெரியினும், கணினியில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. அவருடைய செவியில் விழுவதும் அந்தப் பொருளற்ற ஒலிகளே. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற நான், பார்வையற்ற தமிழர் ஒருவருக்குத் தமிழைத் தமிழாகக் கொடுக்கவில்லை. மூன்று முறையும் “பார்ப்போம்” என்றேன்.

‘குருடர்’ என்பது இழிவு என்று ‘விழிப்புலனற்றோர்’ என்கிறோம். ‘அங்கவீனர்’ என்பதை விடுத்து ‘மாற்றுத்திறனாளி’ என்கிறோம். பெயர் மாற்றம் வேண்டியதே. ஆயினும் பெயரை மாற்றிய நாங்கள் எழுத்துருவை மாற்றவில்லை.

எமது நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு 3 இடங்களை உடற்குறைபாடு உடையோருக்கு ஒதுக்கும் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 1988 இல் வெளிவந்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு எடுப்பதில் பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்கிறது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது; வேலைத்தலத்தில் நியாயமான வசதி செய்து கொடுப்பது கடமை என்பது அச்சமவாயத்தின் கூற்று. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் 16 இலட்சம் பேருக்கு ஏதேனும் ஒரு செயற்பாட்டுச் சிரமம் உண்டு. ஆனால் சட்டம் மனிதனை வாயில் வரையிலேயே கொண்டுவந்து விடுகிறது. உள்ளே வந்தவனுக்கு வேலை கிடைத்ததா, நாற்காலி மாத்திரம் கிடைத்ததா என்று எவரும் கணக்கெடுப்பதில்லை.

நாற்காலி மாத்திரம் கிடைத்தவனின் மனம் என்னாகும்? 1930களின் தொடக்கத்தில், ஆலை மூடப்பட்ட ஒஸ்திரியக் கிராமமாகிய மரியந்தாலில் மரி யகோடாவும் அவருடைய தோழர்களும் நடத்திய ஆய்வு 1933 இல் வெளிவந்தது. வேலையற்ற அம்மக்களிடம் நேரம் மிகுந்திருந்தது. ஆயினும் நூலகத்திலிருந்து அவர்கள் முன்னையிலும் குறைவாகவே நூல்களை இரவல் பெற்றனர். வேலை போனபோது கூலி மட்டும் போகவில்லை. நாளின் ஒழுங்கும், பிறரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வும் உடன் போயின. எம் நண்பருக்குச் சம்பளம் இருந்தது, ஏனையவை போய்விட்டன. அவர் பத்திரிகை கேட்பதை நிறுத்தியதன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது. உலக சுகாதார நிறுவனமும் வேலைத்தலத்தில் மனநலத்தைக் கெடுக்கும் காரணிகளுள், ஒருவரின் திறனைப் பயன்படுத்தாது விடுவதையும், வேலையை ஒழுங்கமைப்பதில் அவருக்குக் குரல் இல்லாதிருப்பதையும், ஒதுக்கி வைப்பதையும் எண்ணுகிறது. 2022 இல் அது வெளியிட்ட வழிகாட்டல், தனிமனிதனின் மனத்தைத் தேற்றுவதோடு நில்லாது வேலையின் ஒழுங்கமைப்பையே மாற்றும்படி பரிந்துரைக்கிறது.

மனநோய்க்கு மருத்துவம் வேண்டும். உளவளத்துணையின் பயனையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அநீதியான ஓர் ஒழுங்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதனாற் புண்பட்டவனை மாத்திரம் மனத்தைத் திடப்படுத்தச் சொல்வது சிகிச்சையாகாது. மனிதனை அவன் உற்பத்தியின் வேகத்தால் அளக்கும் சமுதாயம், வேகம் குறைந்தவனுக்கு இரண்டு வழிகளையே வைத்திருக்கிறது: ஒன்று புறக்கணிப்பு, மற்றது தர்மம். நான் இரண்டாவதைச் செய்தேன். நிரந்தர உத்தியோகமும் ஓய்வூதிய உரிமையும் உள்ள ஓர் ஆசிரியரின் கதியே இதுவென்றால், காலிழந்தும் கையிழந்தும் நாட்கூலிக்குச் செல்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் “எனக்கு இது வேண்டும்” என்று வாய் திறந்தால், மறுநாள் அந்த வேலையே இராது.

2019 ஆம் ஆண்டின் நேரசூசியை அவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு தயாரித்தேன். பத்தாம், பதினோராம் வகுப்பு வரலாறு அவரிடம் திரும்பியது. மேல்மாடி வகுப்பொன்றைக் கீழே இறக்கினோம். படியேறுவது தமக்குப் பிரச்சினையில்லை என்றும், மழைக்கு வழுக்கும் அந்த ஒரு நடைபாதைதான் பிரச்சினை என்றும் அவர் சொன்னது அதன் பின்னரே. விடைத்தாள்களை இளம் ஆசிரியை ஒருவர் வாசிக்க, அவர் புள்ளி இட்டார். பதிலாக அந்த ஆசிரியையின் இரண்டு பாடவேளைகளை அவர் ஏற்றுக்கொண்டார். வினாத்தாள்களை யுனிகோட்டில் தட்டச்சிட நான் ஒரு வார இறுதியிற் பழகிக்கொண்டேன். இவற்றுக்கெல்லாம் பாடசாலைக்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

அவர் உடனே பழைய மனிதராகிவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். இரண்டு ஆண்டுகள் ஒருவரை மூலையில் இருத்திவிட்டு, ஒரு தவணையில் அதை ஈடுசெய்ய முடியாது. சில நாட்களில் அந்த மௌனம் திரும்பி வரும். ஆனால் முதலாந் தவணை முடிவில் ஒரு மாணவனுக்கு அரைப் புள்ளி கொடுப்பது பற்றி அவரும் அந்த ஆசிரியையும் ஆசிரியர் அறை அதிரும்படி வாதாடியதைக் கேட்டேன். நெடுநாளின் பின் அன்று என் மனம் சற்று ஆறியது.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த ஆண்டின் நேரசூசி உங்கள் மேசைக்கும் வரும். உங்கள் பாடசாலையில் அத்தகைய ஒருவர் இருப்பின், அவருடைய பெயருக்கு எதிரே உள்ள கட்டங்களை இரக்கத்தினால் வெறுமையாக விடாதீர்கள். அவரைக் கூப்பிட்டு அருகில் இருத்தி, முதலில் கேளுங்கள்.