ஜாடிக்குள் வெயில்

சித்திரை வெயிலைத் திட்டாதவர் உண்டோ? கல்லூரிக்கு வரும் வழியெல்லாம் நாம் அதைத் திட்டிக்கொண்டுதான் வருகிறோம். ஆனால், அந்த வெயிலுக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கும் ஒருத்தி எங்கள் வீட்டில் உண்டு. அவள் என் அம்மா.

அப்பா கொத்தனார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் சாரத்தில் ஏற முடியாது. ஏறாத நாளுக்குக் கூலி இல்லை. காய்கறி விலை ஏறுவதும் அதே மாதங்களில்தான். அந்த நாட்களில் எங்கள் வீட்டைக் கரை சேர்ப்பவை அம்மாவின் ஜாடிகள். மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், கொத்தவரங்காய் வற்றல், எலுமிச்சை ஊறுகாய் என்று அவை பரணில் வரிசையாக நிற்கும்.

காய்கள் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையிலிருந்து வரும். தமிழகத்தின் முதல் உழவர் சந்தையாக 1999 நவம்பர் 14-ஆம் நாள் திறக்கப்பட்டது அது. விளைவித்தவரே விற்பார், இடையில் தரகர் இல்லை, அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். வரத்து மிகுந்து மிளகாய் மலிந்த நாளாகப் பார்த்து அம்மா பை நிறைய வாங்கி வருவாள்.

2023-ஆம் ஆண்டு பங்குனியில் அம்மா வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது, மாவுக்கட்டுப் போட்டார்கள். "இந்த வருசம் வத்தல் கித்தல் வேண்டாம் தம்பி" என்றாள். எனக்குக் கார்த்திகை மாதம் கண்முன் வந்து நின்றது. "நான் போடுறேம்மா" என்றேன்.

நான் வேதியியல் மாணவன் அல்லவா! உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கும். மோரின் புளிப்பு கிருமிகளை அடக்கும். மிச்ச ஈரத்தை வெயில் போக்கும். இதில் என்ன இருக்கிறது என்று எண்ணினேன். 2 கிலோ மிளகாயைக் காம்போடு கீறி, கல்லுப்புக் கரைத்த புளித்த மோரில் ஊறவைத்தேன். பகலில் மொட்டை மாடிப் பாயில் காயும். இரவில் மீண்டும் அதே மோருக்குள் போகும். "என்னடா, சமையல் படிப்பில் சேர்ந்துவிட்டாயா?" என்று எதிர்வீட்டு நண்பன் சிரித்தான்.

மோரெல்லாம் வற்றிய பிறகு ஒரு மாலையில் கோடை மேகம் திரண்டது. மறுநாள் எனக்குத் தேர்வு. தொட்டுப் பார்த்தேன், தோல் காய்ந்திருந்தது. அள்ளி டப்பாவில் போட்டு மூடினேன். பத்து நாள் கழித்துத் திறந்தபோது வெள்ளைப் பூஞ்சை! அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. அப்பாவின் கூலிக் காசு என்பதை நினைத்தபோது அழுகை வந்தது.

கட்டிலில் இருந்த அப்பத்தா திட்டவில்லை. "தோலு காஞ்சாப் போதுமாய்யா? கையில அள்ளிக் குலுக்கு. உள்ள வெதை கலகலன்னு பேசணும்" என்றாள். என் பாடப்புத்தகத்தில் இல்லாத பரிசோதனை அது.

மறுபடியும் சந்தைக்குப் போனேன். மிளகாய் விற்ற அம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். "நாங்க மட்டும் ஈர நெல்லை மூட்டை கட்டி ஏமாந்ததில்லையா தம்பி?" என்று சிரித்தவர், எடை போட்ட பிறகு இன்னும் ஒரு கை அள்ளிப் பையில் போட்டார். இந்த முறை அவசரப்படவில்லை. மேகம் வந்தால் பாயைச் சுருட்டினேன். வெயில் வந்தால் விரித்தேன். கடைசியில் மிளகாய் பேசியது.

கார்த்திகை வந்தது. மூன்று நாள் விடாத மழை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்து, மோர் மிளகாய் வறுத்தாள். ஒரு மிளகாயைக் கடித்த அப்பா, "கையி முறிஞ்சும் உன் பக்குவம் மாறலையே!" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். அப்பா இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். நான் இதுவரை வாங்கிய மதிப்பெண்களில் அதுவே பெரிது.

அம்மாவின் கை இப்போது குணமாகிவிட்டது. ஆனாலும், ஒவ்வொரு பங்குனியிலும் மொட்டை மாடிக்குப் பாயைத் தூக்கிச் செல்பவன் நான்தான். நண்பர்களே, வெயிலைத் திட்டும்போது ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். யாரோ ஒரு தாய் அதைக் கார்த்திகைக்காக ஜாடியில் அடைத்துக்கொண்டிருப்பாள்.