மாறிக் கொளுவாத கொளுக்கி

ஹட்டனுக்கு வரும் ரயிலில்தான் ‘இன்டெக்ரேஸ்’ என்ற சொல்லை முதன்முதலில் கேட்டோம். நாங்கள் என்றால் ஒரே லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டு பேரும் கலைப்பீடம். எங்களுக்கு எதிரே விஞ்ஞான பீடத்து அண்ணன் ஒருவர் ஆய்வுக்கட்டுரை ஒன்றை பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டோம். அவர் வாய் திறக்கும் முன்னமே, “அண்ணே, நாங்க ஆர்ட்ஸ்” என்று சொல்லிவிட்டோம்.

விருப்பப்பட்டு ஆர்ட்ஸ் எடுத்தவர்கள் இல்லை நாங்கள். சாதாரண தரத்தில் இரண்டு பேருக்குமே விஞ்ஞானத்தில் ஏ. படித்த தோட்டப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கவில்லை. டவுனுக்குப் போக பஸ் காசுக்கு வழியில்லை. அவ்வளவுதான் கதை.

அண்ணன் கதவுப்பக்கம் கையைக் காட்டினார். “பெட்டிய பெட்டியோட எப்படிக் கொளுவியிருக்கு, பாத்தீங்களா? அதுதான் இது.”

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் இருக்கின்றன. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவைப் பிடிக்கும் அப்படியொரு வைரஸின் பெயர் ஃபை சி31. அது தன் டிஎன்ஏயை பாக்டீரியாவின் டிஎன்ஏக்குள் நுழைக்கும்போது கண்ட இடத்தில் வெட்டாது. வைரஸ் பக்கம் ஓர் அடையாள இடம், பாக்டீரியா பக்கம் ஓர் அடையாள இடம், ஒவ்வொன்றும் சில பத்து எழுத்து நீளம். இன்டெக்ரேஸ் என்ற நொதி இந்த இரண்டையும் பிடித்து, நடுவில் வெட்டி, முனைகளை மாற்றி ஒட்டுகிறது.

இதை வைத்து மரபணுக்களைக் கோக்கலாம் என்று 2014இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் சீன் கொலம்ஸ், சூசன் ரோசர் முதலியோர் கட்டுரை வெளியிட்டார்கள். (கிளாஸ்கோ என்றதும் எங்களுக்கு லிப்டன்தான் ஞாபகம் வந்தார். அந்த ஊர்க்காரர், 1890இல் இங்கே வந்து தோட்டம் வாங்கினவர்.) அவர்கள் பிடித்த சூட்சுமம் இது: வெட்டு விழும் இடத்தில் இருக்கும் இரண்டே இரண்டு எழுத்து இரு பக்கமும் பொருந்தினால்தான் ஒட்டும். பொருந்தாவிட்டால் கொளுவாது. அப்படியென்றால் அந்த இரண்டு எழுத்தை மாற்றி மாற்றி வெவ்வேறு கொளுக்கி செய்யலாம்தானே?

எத்தனை செய்யலாம் என்று வடை சுற்றி வந்த பேப்பரில் கணக்குப் போட்டோம். டிஎன்ஏயில் நாலு எழுத்து, ஆகவே இரண்டெழுத்துச் சேர்க்கை பதினாறு. இதில் நாலு, எதிர் இழையில் வாசித்தாலும் அப்படியே வரும். அவை தலைகீழாகவும் கொளுவிக்கொள்ளும் என்பதால் உதவாது. மிச்சம் பன்னிரண்டு. ஒன்றின் எதிர் இழை இன்னொன்றாக இருப்பதால் அது பாதியாகி ஆறு. ஆறு கொளுக்கி இருந்தால் ஐந்து மரபணுவையும் அவற்றைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏயையும் ஒரே குழாயில் போட்டு, வேண்டிய வரிசையில் கோத்து எடுக்கலாம். கரட்டுக்கு நிறம் தருகிற வகைப் பொருளைச் செய்யும் மரபணுக்களை இப்படிக் கோத்து ஈ கோலை பாக்டீரியாவுக்குள் வைத்திருக்கிறார்கள். கணக்கு சரியாக வந்தபோது எந்த ஸ்டேஷன் தாண்டிவிட்டது என்பதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னோம். கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டவர், கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: “கொளுவினத கழட்ட முடியுமா?”

எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு வட்ஸ்அப் போட்டோம். ஒட்டிய பிறகு அடையாள இடங்களின் உருவம் மாறிவிடுவதால், அதே நொதி தனியாகக் கழட்டாதாம். ஆனால் வைரஸிடம் இன்னொரு புரதம் இருக்கிறது. அதையும் சேர்த்தால் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். அப்படிக் கழட்டித்தான் கோத்த வரிசையில் ஒரு மரபணுவை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுகிறார்கள். “உங்க அம்மா சரியான இடத்துல கேட்டிருக்காங்க” என்று வொய்ஸ் அனுப்பியிருந்தார். அம்மா அதை இரண்டு தரம் போடச் சொன்னார்.

அம்மாவின் அடுத்த கேள்விதான் கஷ்டம். “தேயிலையையும் அப்படிச் செஞ்சிருவாங்களா?”

தேநீர் முழுவதையும் செய்வது சுலபமில்லை, அதில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கின்றன. ஆனால் தேயிலையில் இருக்கும் தியனைன் என்ற பொருளை ஜப்பானின் தையோ ககாகு கம்பனி பாக்டீரியா நொதியை வைத்துச் செய்து விற்கிறது. கொழுந்து தேவையில்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் செடியிலிருந்து வருவது. மரபணு மாற்றிய ஈஸ்டின் உதவியோடு அதை இத்தாலியில் சனோஃபி கம்பனி 2013இல் பெருமளவில் செய்யத் தொடங்கியது. செடியிலிருந்து எடுப்பதன் விலை இறங்கிவிட, போட்டி போட முடியாமல் 2016இல் அந்த ஆலையை விற்றுவிட்டது. செடி ஜெயித்தது என்று இதைச் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படிச் சந்தோஷப்பட முடியவில்லை. செடி வளர்த்தவர்களுக்குக் கிடைத்த காசு குறைந்ததால்தானே அந்த ஆலை தோற்றது? 2021இல் ஆயிரம் ரூபாய்க்கு வந்த நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆனது. அதற்கு எத்தனை வருசம் ரோட்டில் நின்றோம். நாளைக்கு ஒரு தாங்கி எங்களைவிட மலிவாகக் கொழுந்தின் வாசத்தைச் செய்யும் என்றால், அந்தப் போட்டியில் ஜெயிக்க அம்மாவின் சம்பளம் எங்கே நிற்கவேண்டும்?

இதை அம்மாவிடம் இப்படியே சொல்லவில்லை. “இப்போதைக்கு இல்லம்மா” என்றோம்.

“சரி, அந்தப் புள்ளைக்கிட்ட இன்னும் கேட்டு வைங்க” என்றுவிட்டு லைட்டை அணைக்கச் சொன்னார். காலையில் பிரட்டுக்குப் போகவேண்டும்.